மும்பைத் தமிழர் கலை வரலாற்றில் தாராவித் தெரு

மும்பைத் தமிழர் கலை வரலாறு என்றாலே நம்மவர்கள் சண்முகானந்த சபையைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். 1952இல் தொடங்கிய சபை, 1963இல் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பெரிய அரங்கத்தைத் திறந்தது. 1990இல் அரங்கம் தீப்பிடித்தது. 1998இல் மறுபடி திறந்தார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1945இல், மாதுங்காவில் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தொடங்கிவிட்டது. செம்பூருக்கு பைன் ஆர்ட்ஸ் சபை இருக்கிறது.

தாராவி 90 அடி சாலையும் இந்த வரிசையில் சேர வேண்டியதே. தோல் பதனிடும் வேலைக்கும் கூலி வேலைக்கும் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழிவந்த பெண்கள், பொங்கலன்று அந்தச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, முன்வரிசை கிடையாது.

சபைக்குப் பதிவேடு, கணக்கு, உறுப்பினர் எல்லாம் உண்டு. எரிந்ததையும் திரும்பக் கட்ட முடிந்தது. தெரு விழாவுக்கு அப்படி என்ன இருக்கிறது? பாட்டிமார் நினைவுதான். தாராவியை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டம் நடக்கிறது. குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் பிரிந்தால் அந்த நினைவும் போயிடும்.

வியாபாரி புத்தியில் சொல்றேன்: வரவை அன்றன்றே பேரேட்டில் ஏற்றணும். பழைய நோட்டீசு, வசூல் ரசீது, போட்டோ எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஊர், வந்த வருஷம், முதல் பொங்கல் வைத்த இடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த மலரில் அச்சேற்றலாம்.