ஷிரின் ஃபோஸ்தார்

ஷிரின் ஃபோஸ்தார் (1905–1992) சிங்கப்பூரில் பலதார மணத்துக்கு எதிராகப் பெண்களைத் திரட்டிய முன்னோடி. பம்பாயில் பாரசீகப் பெற்றோருக்குப் பிறந்தவர். பஹாய் சமயத்தைச் சேர்ந்தவர். அவர் தமிழரல்லர். ஆனால் சிராங்கூன் சாலைக் கோயில்களில் தாலி கட்டும் தமிழ்த் தம்பதியரின் திருமணம் இன்று சட்டப் பதிவேட்டில் ஏறுவதற்கு அவர் தொடங்கிவைத்த இயக்கமும் ஒரு காரணம்.

இந்தியாவில் இருந்தபோதே பெண்கள் மாநாடுகளில் பேசிப் பழகியவர் அவர். 1931இல் லாகூரில் நடந்த ஆசியப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். மருத்துவரான கணவருடன் 1950இல் சிங்கப்பூருக்கு வந்தார்.

அன்றைய சிங்கப்பூரில் திருமணச் சட்டம் என்று எல்லோருக்கும் பொதுவான ஒன்று இல்லை. கிறிஸ்துவ முறையிலோ பதிவாளர் முன்னிலையிலோ மணந்தவருக்கு ஒருவனுக்கு ஒருத்திதான். மற்றவர்களை அவரவர் சமூக வழக்கத்துக்கே காலனி அரசு விட்டுவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சீனச் செல்வர் இறந்தபின் ஆறு பெண்கள் விதவைப் பங்கு கேட்டு நீதிமன்றம் ஏறினர். சீனர் வழக்கப்படி துணை மனைவியருக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. அதன்பின் சின்ன வீடும் சட்டத்தின் கண்ணில் வீடுதான். இந்துத் திருமணங்களுக்குக் கட்டாயப் பதிவு கிடையாது. ஊரில் ஒரு மனைவியும் இங்கே ஒரு மனைவியுமாக ஒருவர் இருந்தாலும் கேட்பாரில்லை. கைவிடப்பட்டவள் தன் திருமணத்தை நிரூபிக்கச் சாட்சி தேட வேண்டும். 1932இல் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கமும், அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணியும் சீர்திருத்தத் திருமணங்களை ஊக்குவித்தது உண்மை. ஆனால் மேடைப் பேச்சுக்குக் கட்டுப்படாதவரைச் சட்டம்தான் கட்டுப்படுத்த முடியும்.

அந்தச் சட்டத்தைக் கோரி 1952இல் சிங்கப்பூர் மாதர் மன்றம் பிறந்தது. தான் செங் ஹியோங் தலைமைப் பொறுப்பேற்க, ஃபோஸ்தார் கௌரவச் செயலாளராக இயங்கினார். சீன, மலாய், இந்தியப் பெண்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தது அன்று புதுமை. முஸ்லிம் பெண்களின் குறைகளைத் தீர்க்க உழைத்த கதீஜுன் நிசா சிராஜும் இக்காலத்தவரே. மாதர் மன்றம் ஜூ சியாட் வட்டாரத்தில் பெண்களுக்கு ஒரு கிளப்பையும் நடத்தியது. காலனி அதிகாரிகளோ, மத வழக்கத்தில் தலையிட மாட்டோம் என்று கைகழுவினர். 1957இல் முஸ்லிம்களுக்கான புதிய சட்டமும் அடுத்த ஆண்டு ஷரியா நீதிமன்றமும் வந்தன. முஸ்லிம் பெண்களுக்கு முறையிட ஓர் இடம் கிடைத்தது; பலதார மணம் நீங்கவில்லை.

திருப்பம் 1959 பொதுத்தேர்தலில் வந்தது. வாக்களிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் பெண்களின் ஓட்டுக்கு மதிப்பு கூடியது. மக்கள் செயல் கட்சி ஒருதார மணத்தைத் தன் வாக்குறுதியில் சேர்த்துக்கொண்டது. அக்கட்சியின் சான் சோய் சியோங் அதை விடாமல் வலியுறுத்தினார். கட்சி ஆட்சிக்கு வந்தபின், மாதர் சாசனம் என்ற சட்டம் 1961 மே 24இல் நிறைவேறி, செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்க்குப் பலதார மணம் குற்றமானது, திருமணப் பதிவு கட்டாயமானது. மனைவிக்குத் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் தொழில் செய்யவும் உரிமை உறுதியானது. இந்து, சீனத் திருமணங்களில் இது செய்த மாற்றத்தை எந்தச் சீர்திருத்தக் கூட்டமும் செய்ததில்லை.

வரலாற்றுப் புனைவுக்கு ஃபோஸ்தாரின் கதை வளமான நிலம். உழவர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மாளின் வாழ்க்கையை எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலாக்கினார். உண்மை மனுஷியைக் கதைக்குள் கொண்டுவருவதில் தமிழுக்கு அது நல்ல முன்மாதிரி. ஃபோஸ்தாரை எழுத நினைப்பவர் ஓர் ஆபத்தைக் கவனிக்க வேண்டும். அவரை ஒற்றை நாயகியாக்கினால் வரலாறு கோணிவிடும்: கூட்டம் கூட்டியவர் ஒருவர், வீட்டுப் படியேறியவர்கள் வேறு பலர், சட்டமன்றத்தில் வாதாடியவர் இன்னொருவர். ஆட்சிக்கு வந்த கட்சியின் கணக்கையும் சேர்த்து எழுதினால்தான் கதை நிற்கும்.

ஃபோஸ்தாரின் கணவர் 1958இல் காலமானார். சாசனம் வந்த 1961இலேயே ஃபோஸ்தார் தாய்லாந்துக்குச் சென்று, பெண்களின் கல்விக்காக அங்கே உழைத்தார். பின்னர் சிங்கப்பூருக்குத் திரும்பினார். அவர் இல்லாத காலத்தில் மாதர் மன்றம் சுணங்கி, 1971இல் கலைந்தது. 1992 பிப்ரவரியில் அவர் சிங்கப்பூரில் காலமானார். சிங்கப்பூர் மகளிர் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் 2014இல் சேர்க்கப்பட்டது.