மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு யார் வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். குப்புற விழுந்துவிட்டதா? பல் முளைத்துவிட்டதா? நடக்கிறதா? பதில் "இன்னும் இல்லை" என்றால் உடனே அடுத்த வீட்டுக் குழந்தையின் கதை வரும். பாவம், குழந்தையின் அம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் போய்விடும்.

இந்த மாதக் கணக்கு ஏதோ ஆங்கில மருத்துவத்தோடு வந்தது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் தமிழில் இதற்கென்று தனி இலக்கிய வகையே உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பிள்ளைத்தமிழ்தான் அது. நமக்குக் கிடைத்தவற்றில் பழமையானது, 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். அதற்கும் முன்பே பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிவிட்டார்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தை என்றால் கடைசி மூன்றும் மாறி அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும். பாட்டியல் நூல்கள் சொல்லும் ஒரு கணக்குப்படி மூன்றாம் மாதத்தில் தொடங்கி, ஒற்றைப்படை மாதங்களாகவே போய், இருபத்தொன்றாம் மாதத்தில் முடியும்.

இதை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைக் கவனித்து 2006-இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. அதன்படி ஒரு குழந்தை துணையின்றி உட்கார்வது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதத்துக்குள். தானாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள்.

பிள்ளைத்தமிழில் கையை ஊன்றித் தலையை அசைத்தாடும் செங்கீரை ஐந்தாம் மாதம். உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். தளர்நடையிட்டு வரும் வருகை பதின்மூன்றாம் மாதம். நம் புலவர்கள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த அட்டவணை தருவது ஒரு நாளை அல்ல, ஒரு நீண்ட இடைவெளியை. எட்டு மாதத்தில் நடந்த குழந்தையும் சரி, பதினேழு மாதத்தில் நடந்த குழந்தையும் சரி, இரண்டுமே நன்றாக இருக்கும் குழந்தைகள்தான். சுமார் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் இப்படித் தவழாமலேயே நடந்துவிட்டன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

பத்தில் முதலாவதாகக் காப்பு ஏன் வந்தது? தெய்வங்களே, இந்தக் குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்பது அது. அந்தக் காலத்தில் பிறந்த குழந்தை தங்குமா என்பதே பெரிய கேள்வி. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது. தமிழகத்தில் 13. நம் தாத்தா பாட்டிகள் ஒவ்வொரு மாதத்தையும் கொண்டாடியதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. "இந்த மாதமும் தாண்டியாச்சு" என்ற நிம்மதிதான் அந்தக் கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டங்கள் எத்தனை வகை! சில வீடுகளில் குழந்தை குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், வாசற்படி தாண்டினால் ஒரு பலகாரம். எங்கள் நல்லூர் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் ஒரு நல்லூர் உண்டு. அந்தப் பக்கம் பல் முளைத்தால் பல் வடிவில் கொழுக்கட்டை செய்து குழந்தையின் தலையில் கொட்டுவார்கள். புத்தகம், பேனா, நகை என்று எதிரில் பரப்பி, குழந்தை எதை எடுக்கிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆனால் புதுக் குழந்தை வந்தால் வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம் இல்லை. மூத்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். தமிழில் "சவலைப் பிள்ளை" என்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்த குழந்தை வந்துவிட்டதால் தாய்ப்பால் கிடைக்காமல் மெலிந்துபோன பிள்ளை. ஆப்பிரிக்காவில் இன்றைய கானா நாட்டிலும் இதே பொருளில் ஒரு சொல் உண்டு, குவாஷியோர்க்கர். அடுத்த குழந்தை வரும்போது மூத்ததற்கு வரும் நோய் என்று பொருள். 1930-களில் அங்கே வேலை செய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் அந்தச் சொல்லையே மருத்துவ உலகுக்குக் கொடுத்தார். கடல் கடந்த இரண்டு மொழிகள், ஒரே குழந்தையைப் பார்த்திருக்கின்றன. தமிழகத்தில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். சவலை விழும் வயதும் அதுதான்.

மறுபடி அந்தப் பத்துப் பருவங்களுக்கு வருவோம். எதிலும் குழந்தை தனியாக இல்லை. கை கொட்டு, முத்தம் கொடு, வா என்று கூப்பிட எதிரில் ஒருவர் இருக்கிறார். அம்புலியில் நிலாவே விளையாட்டுத் தோழன். சிற்றிலில் மணல்வீடு கட்டிய தெருச் சிறுமிகள், அதைக் கலைக்காதே என்று கெஞ்சுகிறார்கள். மடியில் தொடங்கிய குழந்தை தெருவுக்கு வந்துவிட்டது. குழந்தை வளர வளர அதைச் சுற்றியுள்ள வட்டமும் பெரிதாகிறது.

இன்று அந்த வட்டம் சுருங்கிவிட்டது. 2017 முதல் சட்டப்படி பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது ஆறு மாதம். பிள்ளைத்தமிழ்க் கணக்கில் செங்கீரை முடிந்து தால் தொடங்கும் முன்பே அம்மா வேலைக்குப் போயாக வேண்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-இல் இதை 12 மாதமாக்கினார்கள். அதுவும் வருகைப் பருவத்தின் வாசலில் முடிந்துவிடுகிறது. முதல் கைதட்டலை யார் பார்ப்பது? பல வீடுகளில் பாட்டிதான்.

இதற்கு விருத்தாசலத்திலேயே ஒரு கதை உண்டு. குரு நமசிவாயர் பசியோடு வந்து, அம்மனைக் கிழத்தி என்று பாடிச் சோறு கேட்டாராம். கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று அம்மன் கேட்க, அவர் இளையவளாகப் பாட, அவளும் இளம்பெண்ணாகவே வந்து சோறு போட்டாளாம். பேரப் பிள்ளை பிறந்த வீட்டில் இந்த அற்புதம் தினமும் நடக்கிறது. முழங்கால் வலிக்கிறது என்று புலம்பிய பாட்டி, தவழும் குழந்தையைப் பிடிக்க ஓடுகிறாள்.

குழந்தை எல்லை தாண்டியும் உட்காரவில்லை, நடக்கவில்லை என்றால் தயங்காமல் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். மற்றபடி அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஓட்டப்பந்தயம் வேண்டாம். "நடக்கிறதா?" என்று கேட்பதை விட, இரண்டடி தள்ளி உட்கார்ந்து கையை நீட்டி "வா" என்று கூப்பிடுவது நல்லது. வருகைப் பருவம் என்பது அதுதானே!