மாத்தளை மலைத்தாவரங்களும் மாறிவரும் காலநிலையும்

நக்கிள்ஸ் மலைத்தொடர் இலங்கையின் மாத்தளை, கண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. தும்பறை மலைகள் என்றும் இதற்குப் பெயருண்டு. தெற்கே மகாவலிப் பள்ளத்தாக்கும் மேற்கே மாத்தளைப் பள்ளத்தாக்கும் இதை மத்திய மலைநாட்டிலிருந்து பிரித்து வைத்திருக்கின்றன. தொடரின் மிக உயர்ந்த சிகரமான கொம்பானியா 1,906 மீற்றர்தான். பிதுறுதலாகலையின் 2,524 மீற்றரோடு பார்த்தால் இது நடுத்தர உயரமே. ஆனாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் இங்கு பதிவாகியுள்ளன. அவற்றில் சில வேறெங்கும் இல்லை. 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்ட இத்தொடரை, 2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது.

இந்த மலைகளுக்கு மழை இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. மேற்குச் சரிவு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் நனையும்போது, கிழக்கே லக்கல, இலுக்கும்புர, பிட்டவல பக்கம் வறண்ட காற்றே வீசும். மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்லும் அதே காற்றுதான். இரத்தோட்டையிலிருந்து ஏறிப் போகும் வீதியில் றிவஸ்டன் கணவாயைக் கடப்பவர்கள் அதன் வேகத்தை முகத்திலேயே உணர்வார்கள். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழையும், அதைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழையும் கிழக்குச் சரிவுக்கு உயிர் கொடுக்கின்றன. ஒரே மலையின் இரு பக்கத்திலும் இரண்டு நாட்காட்டிகள் ஓடுகின்றன. அந்தந்தப் பக்கத்துச் செடிகளும் அவற்றை நம்பி வாழும் மனிதர்களும் தங்கள் பக்கத்து நாட்காட்டிக்குப் பழகியவர்கள்.

றிவஸ்டனைச் சுற்றியுள்ள முகட்டுக் காடு விசித்திரமானது. ஓயாத காற்றாலும் மேலோட்டமான மண்ணாலும் மரங்கள் குறுகிப்போய், சில இடங்களில் ஆளுயரத்துக்கு மேல் வளர்வதே இல்லை. கிளைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும். அவற்றின் மேல் பாசியும் மெல்லிய பன்னங்களும் சிறு ஓர்க்கிட்டுகளும் அடர்ந்து படிந்திருக்கும். மழை பெய்யாத நாளிலும் இந்தக் காடு தண்ணீர் சேர்க்கிறது. தவழ்ந்து வரும் மேகம் இலையிலும் பாசியிலும் பட்டுத் துளியாகி மண்ணில் இறங்குகிறது. அம்பன் கங்கையையும் களு கங்கையையும் வளர்க்கும் ஓடைகள் பலவும் இந்தத் தொடரில்தான் பிறக்கின்றன.

இனி ஒரு கணக்கு. மலையில் 100 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். எனவே காற்று ஒரு பாகை சூடேறினால், அதே குளிர்ச்சியைத் தேடி ஒரு செடி சுமார் 160 மீற்றர் மேலே போக வேண்டும். இலங்கையின் சராசரி வெப்பநிலை 1961 முதல் 1990 வரை ஆண்டுக்கு 0.016 பாகை வீதம் உயர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளின் உயர்வு மட்டும் ஏறத்தாழ 80 மீற்றர் ஏற்றத்துக்குச் சமம். 1,500 மீற்றருக்கு மேலுள்ள மேகக்காட்டுக்கோ உச்சி வரை நானூறு மீற்றர்தான் மிச்சம். இரண்டு பாகை உயர்ந்தால் அதில் பெரும்பங்கு கரைந்துவிடும். மேகத்தின் அடிமட்டமும் மேலே தள்ளிப்போனால் பாசிக்கும் பன்னத்துக்கும் குடிதண்ணீரே இல்லாமல் போகும். தென்புறத்து உயர்மலைகளுக்கு இடம்பெயரலாமென்றால் இடையில் சூடான பள்ளத்தாக்குகள். விதை அவற்றைத் தானாகத் தாண்டிப் போவது அரிது.

ஸ்டெமொனோபோரஸ் அஃபினிஸ் என்ற மரத்தின் நிலை இதைத் தெளிவாகக் காட்டும். ஸ்டெமொனோபோரஸ் பேரினம் முழுவதும் இலங்கைக்கே உரியது. அதிலும் இந்த இனம் நக்கிள்ஸ் தொடருக்கு வெளியே இல்லை. இங்கே அழிந்தால் உலகத்திலிருந்தே அழிந்ததாகும்.

எல்லாப் பழியையும் காலநிலையின் தலையில் போடுவது நியாயமல்ல. ஹோர்ட்டன் சமவெளியில் மலைக்காட்டு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து மடிவதை 1970களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். வறட்சி, மண்ணின் சத்துக்குறைவு, காற்றில் வரும் மாசு எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஒரே விடை என்று இன்னும் முடிவாகவில்லை. நக்கிள்ஸிலும் அப்படித்தான். மனிதக் கை முன்பே தளர்த்திவிட்ட காட்டின் மேல்தான் வெப்பமும் தப்பிய மழையும் வந்து விழுகின்றன.

அந்தக் கையின் கதை கோப்பியோடு தொடங்குகிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னாரில் கரையிறங்கி, வடக்குப் பாதைக் காட்டை நடந்தே கடந்து, மாத்தளைக்கு வந்து மலையேறினார்கள். வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் வெட்டித் திருத்திய சரிவுகளில் கோப்பி எழுந்தது. 1869இல் இலங்கையில் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளுக்குள் அந்தப் பயிரையே ஒழித்தது. காடு வேகமாகக் குறைவதைக் கண்ட தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் பரிந்துரையை அடுத்து, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் காக்கும் ஏற்பாடு வந்தது. மழையையும் நீரூற்றையும் காப்பதே அதன் நோக்கம். அந்தக் கோடு கிழிக்கப்படாதிருந்தால் றிவஸ்டன் முகடும் தேயிலையாகியிருக்கும்.

கோட்டுக்குக் கீழே ஏலம் நுழைந்தது. ஏலத்துக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், ஆண்டு முழுவதும் பரவிய மழை வேண்டும். 1960களிலிருந்து நக்கிள்ஸ் காட்டின் உட்புறங்கள் ஏலத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டுக் கீழ்க்காட்டை முழுதாகச் செதுக்கினார்கள். காயை உலர்த்தும் கொட்டகைகளுக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான் போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் அது காடுதான். உள்ளே அடுத்த தலைமுறை மரக்கன்றுகள் இல்லை. 1980களில் தடை வந்த பிறகும் பழைய ஏலக்காடுகள் பல இடங்களில் மீளவில்லை. அப்படி மெலிந்த நிழலில் நிற்கும் ஏலம் நீண்ட வறட்சியைத் தாங்காது. 2024 கோடையில் கேரளத்தின் இடுக்கி மலைகளில் ஏலத்தோட்டங்கள் பரவலாகக் காய்ந்தபோது உலகச் சந்தையே அதைக் கவனித்தது. மாத்தளை விவசாயிக்கும் அது அயல்வீட்டுச் செய்தி.

மாத்தளையை வாசனைத் திரவியங்களின் ஊராகவே பலர் அறிவர். மிளகு, சாதிக்காய், கராம்பு, கொக்கோ எல்லாம் வீட்டுத்தோட்டங்களில் பலாவோடும் பாக்கோடும் கலந்து வளர்கின்றன. மிளகுக்கொடி மழையைக் கேட்டுத்தான் பூக்கும். சிறிது காய்ந்த பிறகு மழை விழுந்தால் கதிர் விடும், அதன் பின் தொடர்ந்து ஈரம் இருந்தால் மணி பிடிக்கும். முதல் மழை பெய்து கதிர் வந்ததும் வானம் மூடிக்கொண்டால் கதிர் உதிர்ந்துவிடும். ஆண்டு மழையின் மொத்த அளவு குறையாவிட்டாலும், பெய்ய வேண்டிய வாரம் தவறினால் அறுவடை போய்விடும். மாத்தளையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்கு முன்னுள்ள பெரிய சவாலும் இதுவே.

கித்துள் மரத்தில் இந்த நேரக்கணக்கு இன்னும் நுட்பமானது. காட்டோரக் கிராமங்களில் கித்துள் சீவுவது குடும்பத் தொழில். தடிகளும் கயிறும் கட்டி மரமேறி, இன்னும் விரியாத பாளையைத் தெரிந்தெடுத்து, மூலிகைக் கலவை வைத்துக் கட்டுவார்கள். எந்தப் பாளை, எந்த நாள், எவ்வளவு மருந்து என்பது தகப்பன் மகனுக்குக் கைப்பழக்கமாகக் காட்டிக்கொடுப்பது. பிறகு காலையும் மாலையும் நுனியை மெல்லிதாகச் சீவி, வடியும் பதநீரைப் பானையில் பிடிப்பார்கள். புளிக்காமலிருக்க ஹல் மரப்பட்டைத் துண்டொன்றைப் பானைக்குள் போடும் வழக்கமும் உண்டு. அடுப்பில் வற்றக் காய்ச்சினால் பாணி. இன்னும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் சுடும் கவுமுக்கு இந்தப் பாணி இல்லாமல் முடியாது. எருமைத் தயிரும் கித்துள் பாணியும் மலைநாட்டுத் தமிழர் வீட்டு விருந்திலும் உண்டு.

வறட்சி நீண்டால் பாளை இளைக்கும், பதநீர் குறையும். கனமழை பானைக்குள் விழுந்தால் அன்றைய பிடிப்பு வீண். சீவிய பாளை காய்க்காது என்பதால் கன்றுகளுக்குச் சீவாத மரங்களின் பழமே கதி. அந்தப் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் பரப்புவது மரநாய். கித்துள் மரம் பூக்கத் தொடங்கவே பல ஆண்டுகள் எடுக்கும், பூத்து முடிந்தால் பட்டுப்போகும். காட்டில் இளங்கன்று குறைவதும், மழையின் போக்கு தெரியாமல் இளைஞர்கள் இந்தத் தொழிலைக் கைவிடுவதும் சேர்ந்தே நடக்கின்றன. மரம் நிற்கும்போதே அதைச் சீவத் தெரிந்தவர் இல்லாமல் போகலாம். தாவரத்தைவிட அதைப் பற்றிய அறிவு முந்தி அழியும் ஆபத்து மாத்தளையில் மிக அருகில் தெரிவது கித்துளில்தான்.

இன்னொரு கலை அரக்கு வேலை. மாத்தளை மாவட்டத்தின் ஹபுவிட கிராமம் இதற்குப் பேர்போனது. கெப்பெட்டியா என்ற குரோட்டன் இனப் புதரில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கை எடுத்து, சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறம் சேர்த்து, தணலில் இளக்கி நூலாக இழுப்பார்கள். அந்த நூலை மரத்தின் மேல் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் நறுக்கி ஒட்டுவார்கள். கைத்தடி, விசிறிக் காம்பு, ஏட்டுச்சுவடிப் பலகை என்று பொருள்கள் பல. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த வேலையை விவரித்திருக்கிறார். அரக்குப் பூச்சியின் குஞ்சு ஊர்ந்து இடம்தேடும் சில நாட்களில் அடைமழை பெய்தால் கழுவுண்டு போகும், கடும் வெயிலடித்தால் காய்ந்து சாகும். எனவே இந்தக் கலையின் மூலப்பொருள் ஒரு செடியையும் ஒரு பூச்சியையும் அவற்றுக்கு ஏற்ற வானிலையையும் ஒன்றாகச் சார்ந்தது.

மருந்துச் செடிகளில் மரமஞ்சள் கொடி எல்லாருக்கும் தெரிந்தது. சிங்களத்தில் வெனிவெல். கொத்தமல்லியோடு அவித்துக் காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் குடிப்பது இலங்கையில் இனபேதமின்றிப் பழகிய வைத்தியம். மருந்தாகும் பகுதி தண்டு. மெதுவாக வளரும் கொடியை அடியோடு வெட்டினால் மீள நெடுங்காலமாகும். காட்டின் ஈரம் குறையக் குறைய அந்தக் காலம் இன்னும் நீளும்.

கிழக்குச் சரிவில் வறட்சியின் மறுமுகம் தீ. பிட்டவல பத்தனை போன்ற புல்வெளிகளிலும் மானாப்புல் மேடுகளிலும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை தீ மூட்டப்படுவது பழைய பழக்கம். மாட்டுக்கு இளம்புல் கிடைக்கும், வேட்டைக்கு வசதி. கச்சான் காற்று பலத்தால் அந்தத் தீ காட்டோரத்தையும் தின்னும். எரிந்த இடத்தில் திரும்புவது காட்டுமரமல்ல. மானாப்புல் வரும், அல்லது தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒஸ்ட்ரோயூபடோரியம் போன்ற ஆக்கிரமிப்புச் செடி வரும். சரிவுகளில் நட்ட கரிபியன் பைன் தோப்புகளும் எளிதில் தீப்பிடிக்கும்.

நீரும் கூடிப்போகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழை கண்டி, பதுளை, நுவரெலியாவோடு மாத்தளை மலைகளிலும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. அதற்கு முன்பே அபிவிருத்தி தன் பங்கை எடுத்துக்கொண்டது. மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காகப் பழைய லக்கல நகரமும் அயல் கிராமங்களும் இடம்பெயர்ந்தன. தலைமுறைகளாக வளர்த்த வீட்டுத்தோட்டங்கள் தண்ணீருக்குள் போயின. புதிய குடியிருப்பில் தேசிக்காயும் மாவும் நடலாம். ஆனால் பழைய காட்டோரத்துக் கித்துளையும் கொடியையும் அங்கே கொண்டுபோக முடியாது.

சீரழிந்த புல்வெளியைக் காடாக்க முடியுமா என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நக்கிள்ஸில் கன்று நட்டுச் சோதித்துள்ளனர். புல்லின் வேர்ப்போட்டியும் நிழலின்மையும் காட்டுமரக் கன்றுகளை மடக்குகின்றன. புல்லை அகற்றி, தொடக்கத்தில் நிழல் கொடுத்தால் கன்று தேறும் வாய்ப்புக் கூடும். கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளிலும் பைன் தோப்புகளிலும் இதைச் செய்தால், கீழ்க்காட்டு இனங்கள் மேலேறத் தொடர்ச்சியான வழி கிடைக்கும். அந்த நடவில் கித்துளும் மரமஞ்சளும் கெப்பெட்டியாவும் இடம்பெற வேண்டும். எந்தக் கன்று எந்தச் சரிவில் பிழைக்கும் என்று நாற்று வைக்குமுன் கேட்க வேண்டியவர்கள், இலுக்கும்புரவிலும் பிட்டவலவிலும் இன்றும் காட்டை நாள்தோறும் பார்த்துவரும் ஊர்வாசிகள்.