பி. டி. தேவானந்தனும் சமய உரையாடலும்

இந்தியக் கிறித்தவ இறையியலாளருள் சமய உரையாடலுக்கு நிறுவன வடிவம் தந்தவர் பால் டேவிட் தேவானந்தன் (1901–1962). சென்னையில் பிறந்த இவர், யேல் பல்கலைக்கழகத்தில் மாயைக் கோட்பாட்டை ஆராய்ந்து 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். 1932 முதல் 1949 வரை பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பணியாற்றினார்.

1938இல் தாம்பரத்தில் நடைபெற்ற உலக மறைப்பணி மாநாட்டிற்கென டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என வாதிட்டது. செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைச் சிந்தனையாளர் மாற்றுக் கருத்தை முன்வைத்து அவ்வாண்டே நூல் வெளியிட்டனர். பின்னாளில் உரையாடலின் முன்னோடி எனப் போற்றப்பெற்ற தேவானந்தனோ அந்நாளில் கிரேமரின் செல்வாக்கிற்கே ஆட்பட்டிருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நிலையினின்று அவரை விலகச் செய்தது மாயை பற்றிய ஆய்வே எனலாம். 1950இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு, வேதகாலம் தொட்டு அச்சொல்லின் பொருள் மாறிவந்த வரலாற்றைக் காட்டுகிறது. இராதாகிருஷ்ணன் போன்றோர், மாயை என்பது உலகம் பொய் எனக் கூறுவதன்று என விளக்கினர். மனித மாண்பையும் சமத்துவத்தையும் நாடும் புதிய இந்தியாவிற்கு உலகமும் வரலாறும் மெய்யாக இருத்தல் வேண்டும்; எனவே பழஞ்சொற்கள் புதுப்பொருள் பெறுகின்றன எனத் தேவானந்தன் கண்டார். ஏட்டுச் சமயத்தை விடுத்து, மாறிவரும் வாழும் சமயத்தோடு பேச வேண்டும் என்னும் முடிவிற்கு அவர் வந்தது இவ்வழியே.

அதற்குரிய காலம் எளிதானதன்று. மறைப்பணியாளரைக் கடுமையாகச் சாடிய நியோகி குழு அறிக்கை 1956இல் வெளிவந்தது. மறு ஆண்டே பெங்களூரில் சமயமும் சமுதாயமும் பற்றிய ஆய்வுக்கான கிறித்தவ நிறுவனம் அமைந்தது. தேவானந்தன் இயக்குநராகவும் எம். எம். தாமஸ் துணையாகவும் அமர்ந்தனர். 1960இல் திராவிடர் கழகம் பற்றி அவர் ஒரு சிறுநூல் எழுதினார். வேதாந்தத்தில் தோய்ந்த ஒருவர் பிராமணிய எதிர்ப்பையும் சமய ஆய்வின் பொருளாகக் கொண்டது, தமிழாய்வாளர் தனியே நோக்க வேண்டிய செய்தி.

1961இல் புதுதில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மூன்றாம் பேரவையில் சாட்சியம் பற்றி உரையாற்றினார். சாட்சியத்தை அவர் கைவிடவில்லை. பிற சமயங்களின் அழிவே அதன் இலக்கோ எனவும் வினவினார். இவ்விரண்டையும் ஒருங்கே பற்றியதே அவரது வலிமை. முழுவிடை தராது நின்றதும் அங்கேதான். 1962இல் டேராடூனில் அவர் மறைந்தார். ‘உரையாடலுக்கான ஆயத்தம்’ எனப் பொருள்படும் தலைப்பில் அவர் கட்டுரைகள் 1964இல் நூலாயின.