வெறுங்கால் என்ற சாட்சி

1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்குக் காரணம் வெறுங்கால் என்று திருவண்ணாமலையில் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். பௌர்ணமிதோறும் ஜனங்கள் செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிற ஊர் இது. பூட்ஸ் போட்டால்தான் ஆடலாம் என்றான் வெள்ளைக்காரன், மாட்டோம் என்று இருந்துவிட்டோம். கேட்கச் சுகமாக இருக்கிறது. கொஞ்சம் சுதேசியம், கொஞ்சம் ஏழ்மை. ஒரு ஐதீகத்துக்கு இது போதும். இந்த ஊர்க்காரனான எனக்கும் கதை பிடிக்கும். தேதிகள்தான் இடம் கொடுக்கவில்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்து ஆடி 1-2 என்று தோற்றார்கள். இரண்டு பெனால்டிகளை வீணடித்தார்கள். மைசூர் சாரங்கபாணி ராமன் அடித்த அந்த ஒரு கோலை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? 1952இல் ஹெல்சிங்கி குளிரிலும் பலருக்கு வெறுங்கால்தான். யுகோஸ்லாவியா பத்து கோல் போட்டது. 1950இல் தடுத்த விதி 1952இல் எங்கே போயிற்று? பூட்ஸைக் கட்டாயமாக்கியது நம் சம்மேளனம்தான், அந்தப் பத்து கோல்களுக்குப் பிறகு.

நாம் 'தகுதி' பெற்ற விதமும் விசித்திரமானது. 16 இடங்களில் போட்டியை நடத்திய பிரேசிலுக்கும் கோப்பையை வைத்திருந்த இத்தாலிக்கும் தலா ஒன்று போக, ஆசியாவுக்கு ஒன்று. பர்மாவும் பிலிப்பைன்ஸும் விலகிக்கொள்ள, ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இந்தியா தேறியது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் இடமும் கிடைத்தது. விலகியது நாம் மட்டுமல்ல. பிரிட்டிஷ் போட்டியில் முதலிடம் வராவிட்டால் போகமாட்டோம் என்று சொல்லியிருந்த ஸ்காட்லாந்து, இரண்டாவதாக வந்து, சொன்னபடியே வீட்டிலிருந்தது. அது வீம்பு; ஆனால் அவர்கள் ஆடிவிட்டு விலகினார்கள். இத்தாலியோ 1949 விமான விபத்தில் டொரினோ அணியையே பறிகொடுத்திருந்தது. அவர்கள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் ஆடியவை 13 அணிகள்.

பயிற்சிக்கு அவகாசமில்லை, ஆட்டக்காரர் தேர்வில் கருத்து வேற்றுமை என்றது சம்மேளனம். பிரயாணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசில் முன்வந்திருந்தது. அணித்தலைவர் சைலேன் மன்னா பின்னாளில் சொன்னதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது: ஒலிம்பிக்ஸ்தான் அவர்களுக்கு எல்லாம், உலகக் கோப்பை என்று ஒன்று இருப்பது யார் மனதிலும் இல்லை. அணி சோடையில்லை. மறு வருஷமே டில்லி ஆசிய விளையாட்டில், மேவாலால் கோலில் இரானை வென்று தங்கம் வாங்கியது.

முடியைக் கண்டதாகப் பிரம்மா சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொன்னது இந்த ஊர்த் தலபுராணம். அலுவலக மேஜையில் நடந்த அலட்சியத்துக்கு நாம் ஆட்டக்காரனின் பாதத்தைச் சாட்சிக்கு இழுத்து வந்தோம். தகுதிச் சுற்று ஒன்றில் இந்தியா இறங்கி ஆடியது 1985இல்தான், 35 வருஷம் கழித்து.

2026 கோப்பைக்கு அணிகள் 48, ஆசியாவுக்கு நேரடி இடங்கள் எட்டு. இந்தியா இரண்டாம் சுற்றோடு வெளியேறியது. 2024 ஜூனில் தோஹாவில், கோட்டைத் தாண்டிவிட்ட பந்தை உள்ளே இழுத்துக் கத்தார் அடித்த கோலைப் பற்றி இங்கே டீக்கடைகளில்கூட ஆத்திரமாகப் பேசினார்கள். அதே வருஷம் மார்ச்சில், சொந்த மண்ணில், கௌஹாத்தியில், முதல் கோலை அடித்த பிறகும் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.