எலரி ஓடைப் பெருமடு

எலரி ஓடைப் பெருமடு என்பது ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில், மேற்கு மக்டொனெல் மலைத்தொடரில் உள்ள ஆழமான நீர்நிலை ஆகும். எலரி ஓடை செந்நிறப் பாறைத் தொடர் ஒன்றை அறுத்துச் செல்லும் இடுக்கில் இது அமைந்துள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் ஓடை வெறும் மணலாகவே கிடக்கும். மடுவில் மட்டும் நீர் வற்றுவதில்லை. ஆற்றில் இவ்வாறு ஆழ்ந்து நிற்கும் நீரைத் தமிழில் மடு என்பர். அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து மேற்கே சுமார் 80 கிமீ தொலைவில், ட்ஜோரிட்ஜா தேசியப் பூங்காவினுள் இவ்விடம் உள்ளது.

பெயர்

இவ்விடத்தின் மரபுரிமையாளரான அரெர்ந்தே மக்கள் இதனை உதெபாட்டா என்பர். மீன், தேன் எறும்பு ஆகியவற்றின் கனவுக்காலத் தடங்கள் இவ்வழியே செல்வதால், இது அவர்களுக்கு முக்கியமான சந்திப்பிடமாக விளங்குகிறது. 1872 ஆம் ஆண்டில் இப்பகுதியில் பயணம் செய்த எர்னஸ்ட் கைல்ஸ், மெல்பேர்ண் வானியலாளர் எலரியின் பெயரை ஓடைக்கு இட்டார்.

தோற்றம்

இடுக்கின் சுவர்கள் ஹெவிட்ரீ குவார்ட்சைட் எனப்படும் பாறையால் ஆனவை. 80 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கடலோரத்தில் படிந்த மணல், பின்னர் இறுகிக் கடும்பாறையாயிற்று. ஏறத்தாழ 45 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்த மலையாக்கத்தின்போது இப்படுகைகள் மடிந்து உயர்ந்தன. இருபுறமும் இருந்த மென்பாறைகள் அரிக்கப்பட்டுப் பள்ளத்தாக்குகளாயின. கடும்பாறை மலைமுகடாய் நின்றது. ஓடை அதைச் சுற்றிச் செல்லாமல் குறுக்கே அறுத்தது. வெள்ளக்காலத்தில் நீர் முழுவதும் இக்குறுகிய வாயில் வழியே பாய்வதால் அடிமணல் வாரப்பட்டு மடு ஆழமாகிறது.

நீர் நிலைத்திருப்பதன் காரணம்

அலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியின் சராசரி ஆண்டு மழை சுமார் 280 மிமீ மட்டுமே. அதுவும் சில ஆண்டுகளில் பொய்த்துவிடும். மடுவின் ஆழமும், நாளின் பெரும்பகுதி அதன்மீது விழும் பாறை நிழலும் ஆவியாதலைக் குறைக்கின்றன. வறட்சிக் காலத்தில் மீன்கள் இத்தகைய மடுக்களில் ஒதுங்கிப் பிழைக்கின்றன. வெள்ளம் வரும்போது அவை ஓடை வழியே பரவுகின்றன. எலரி ஓடை தெற்கே சென்று ஃபிங்க் ஆற்றில் கலக்கிறது. மடு கெட்டால் அதன் கேடு மடுவோடு நிற்காது.

நீராடுதல்

மடுவை வற்றாமல் காக்கும் அதே ஆழமும் நிழலுமே அதனை ஆபத்தானதாகவும் ஆக்குகின்றன. குளிர்கால இரவுகளில் இங்கு வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே செல்வதுண்டு. அக்குளிர் ஆழ்நீரில் நெடுநாள் தங்கும். கோடையில் மேற்பரப்பு இதமாகத் தோன்றினாலும் காலடியில் கடுங்குளிர் இருக்கும். கரையில் நிற்பவர் 40 பாகை வெயிலில் வெந்துகொண்டிருப்பதால், இதை நம்புவது கடினம்.

திடீரெனக் குளிர்நீரில் விழுபவர் தம்மையறியாமல் மூச்சை இழுக்கிறார். அவ்வேளை முகம் நீருக்குள் இருந்தால் நீரே உட்செல்லும். சில நிமிடங்களில் கைகால் தசைகள் வலுவிழக்கின்றன. நன்கு நீந்தத் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்லர். இடுக்கைக் கடந்து மறுகரைக்கு நீந்திச் செல்வோர், திரும்பும் தொலைவையும் கணக்கில் கொள்ளவேண்டும். காற்றடைத்த மிதவை ஒன்றை உடன் கொண்டுசெல்வது நன்று. நீரடியில் பாறைகளும் மரக்கட்டைகளும் இருக்கக்கூடும் என்பதால் தலைகீழாகப் பாய்தல் கூடாது. மழைக்குப் பின் ஓடை பாயும்போது நீராடல் அறவே தவிர்க்கத்தக்கது.

ஓடை பாயாத மாதங்களில் மடு நீர் புதுப்பிக்கப்படுவதில்லை. நீராடுவோர் உடலில் பூசிய வெயில்காப்புக் களிம்பும், சவர்க்காரமும் அதிலேயே தங்குகின்றன.

சென்றடைதல்

அரெர்ந்தே ஓவியர் அல்பர்ட் நமத்சீராவின் (1902–1959) பெயர் தாங்கிய நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலை மடுவுக்கு அருகே முடிகிறது. நெடிய லராபிந்தா நடைபாதையின் ஆறாம், ஏழாம் பிரிவுகள் இங்கே சந்திக்கின்றன. முகாமிட இடமுண்டு. ஏப்ரல் 2023 முதல், வட ஆட்புலத்தில் வசிக்காதோர் பூங்கா அனுமதிச்சீட்டு பெறவேண்டும்.