மகரக்கட்டும் மேடைக்குரலும்

பழந்தமிழ் இசை நூலோர் ஏழு சுரங்களுக்கும் பெயரிட்டபோது முதற் சுரத்திற்குக் குரல் என்றே பெயர் வைத்தனர். துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன அதனைத் தொடர்வன. மிடற்றுப் பாடலின் எல்லையை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்ததும் அம்மரபே. வடமொழி நாட்டிய சாத்திரம் இம்மூன்றின் இருப்பிடங்களை மார்பு, கழுத்து, தலை என உடம்பின்மேல் வைத்துக் காட்டும். ஒருவர் எதுவரை இறங்கலாம், எதுவரை ஏறலாம் என்பதை அவரவர் உடம்பே வரையறுக்கிறது என்ற அறிவு இப்பகுப்பினுள் அடங்கிக் கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடக மேடை இவ்வறிவை ஏறத்தாழ மறந்தே போயிற்று. அம்மறதிக்கு விலை கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் மீசை அரும்பாத சிறுவர்கள்.

மேடையில் சுருதியை அளந்து சொன்ன சொல் ‘கட்டை’ என்பது. ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையை ஆதாரமாகக் கொண்டால் ஒரு கட்டை. ஐந்தாவதைக் கொண்டால் ஐந்து கட்டை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கில் சேரும். ஐரோப்பாவில் பிறந்த அக்கருவி நாடகக் கொட்டகையின் அரசனாகவே ஆகிவிட்டது. பொதுவாக ஆண் குரலுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டையும், பெண் குரலுக்கு நான்கு முதல் ஆறு கட்டை வரையும் இயல்பாகப் பொருந்தும். தன் சுருதியைத் தேடுவோர்க்குப் பாடகர் மரபு ஓர் எளிய வழி வைத்திருந்தது. மந்திர பஞ்சமத்தையும் தார பஞ்சமத்தையும் கழுத்து நரம்பு புடைக்காமல் தொட முடிகிற இடத்தில் ஆதார சட்சத்தை நிறுத்துவது அவ்வழி. அந்த இரண்டு ஸ்தாயிப் பரப்புக்குள் கச்சேரி முழுவதும் அடங்கிவிடும்.

நாடகத்திற்கு அது போதவில்லை. ஒலிபெருக்கி இல்லாத காலம். இரவு தொடங்கும் நாடகம் விடியற்காலை வரை நடக்கும். கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டும். உயர்ந்த சுருதியில் எழும் குரலே கூட்டத்தின் இரைச்சலைப் பிளந்து செல்லும் என்பது அனுபவத்தில் கண்டது. இன்னொரு காரணமும் இருக்கலாம். வள்ளி திருமணத்தில் வேடனும் வள்ளியும் பாடும் தர்க்கப் பாடல்களில் ஆணும் பெண்ணும் ஒரே ஆர்மோனியச் சுருதியில் மாறி மாறிப் பாட வேண்டும். பெண் இறங்கினால் குரல் அமுங்கும். எனவே ஆணே ஏற வேண்டியிருந்தது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் மேடையில் இணைந்தபோது மக்கள் மயங்கியது அத்தகைய உச்சக் குரல்களின் பொருத்தத்தில்தான். 1906இல் பிறந்த கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர் குரல் பிறவிக்கொடை. ஆனால் அக்கொடை இல்லாதவர்களுக்கும் அதுவே அளவுகோலாக வைக்கப்பட்டதுதான் கொடுமை.

இதன் சுமை முழுவதும் இறங்கிய இடம் பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஆறு வயதில் அதில் சேர்ந்த டி. கே. சண்முகத்திற்காக அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் அவர் எழுதி முடித்த செய்தி நாடக உலகில் யாவரும் அறிந்தது. சுவாமிகளின் அன்பு அத்தகையது. எனினும் முறை என்னவோ கடுமையானதுதான். பாலபார்ட், ஸ்திரீபார்ட், ராஜபார்ட் அனைத்தையும் சிறுவர்களே ஏற்றனர். அவர்களுடைய மெல்லிய உச்சக் குரலே கம்பெனியின் முதலீடு. அந்த முதலீடு ஒரு நாள் கரைந்துதான் ஆக வேண்டும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். அதற்கு மேடை வைத்த பெயர் மகரக்கட்டு.

பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல்வளை வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. ஆண்பிள்ளையின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. பெண்ணுக்கு இறக்கம் மிகச் சிறிது. மாதக்கணக்கில் நீளும் இம்மாற்றத்தின் நடுவே குரல் பிளிறும், நழுவும், சில சுரங்களில் காற்று மட்டுமே வரும். இது நோயன்று. இக்காலத்தில் எளிதாக எழும் சில சுரங்களுக்குள் மெல்லப் பாடலாம். வலிந்து மேலே ஏறுவதே கேடு. தசைகள் இறுகி அப்பழக்கம் பின்னும் தொடரும். ஓயாமல் மோதும் நாண்களில் காய்ப்புக் காண்பதும் உண்டு.

கம்பெனிகளில் இதற்கு மருந்து தேடினார்களேயன்றி ஓய்வு தேடியது குறைவு. மிளகுப் பால், பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை என்று பட்டியல் நீளும். இவை தொண்டைக்கு இதமானவை என்பதில் ஐயமில்லை. விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடாமல் உணவுக் குழாய் வழியே சென்றுவிடும் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. வளர்ந்துவிட்ட நாணைச் சிறுவனுடைய நாணாக மாற்றும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. குரல் திரும்பாத பையன் காமிக் வேடத்திற்கோ, சேவகன் வேடத்திற்கோ, திரைக்குப் பின்னுள்ள வேலைக்கோ தள்ளப்பட்டான். நேற்றுவரை அவன் பெயர் சொல்லிக் கூட்டம் சேர்த்த நோட்டீசில் இன்று இன்னொரு சிறுவனின் பெயர்.

1930களில் ஒலிபெருக்கி பரவத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. உரத்த குரலே குரல் என்ற கட்டாயம் தளர்ந்தது. டைகர் வரதாச்சாரியாரின் மாணவர் எம். டி. ராமநாதன், மிகத் தாழ்ந்த சுருதியில், நிதானமான காலத்தில், மந்திர ஸ்தாயியின் கனத்தையே அழகாக்கிப் பாடினார். கொட்டகைக் காலத்தில் அவர் குரலை எந்தக் கம்பெனி முதலாளி கேட்டிருப்பார்? திரைப்படத்தில் பின்னணிப் பாட்டு நிலைபெற்றபின், நடிகனின் பிழைப்பு அவன் தொண்டையை நம்பியிருக்க வேண்டிய தேவையும் அற்றது.

அதற்கு முன்பே, வலிந்து பாடாமல் காத்திருந்து வென்ற ஒருவர் உண்டு. புதுக்கோட்டையில் 1916இல் பிறந்த பி. யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் புகழ்பெற்ற சிறுவர். மகரக்கட்டு வந்தது, கம்பெனியை விட்டு விலகினார். ஊர் திரும்பி முறையாகச் சங்கீதம் பயின்றார். குஸ்தியும் சிலம்பமும் கற்றார். ஊரார் கண்ணுக்கு அது தோற்றுத் திரும்பிய பையனின் பொழுதுபோக்காகவே பட்டிருக்கும். ஆனால் அந்த இடைவெளியில்தான் இறங்கிய குரல் தன் புதிய இடத்தில் தங்கியிருக்க வேண்டும். 1940இல் உத்தம புத்திரனில் இரட்டை வேடம். பிறகு ஆர்யமாலா, கண்ணகி. 1944இல் வந்த ஜகதலப்பிரதாபனில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடுபவர் சின்னப்பா, பக்கத்தில் வாத்தியம் வாசிப்பவர்களும் சின்னப்பாவே. கேமராத் தந்திரத்தால் ஒரே மேடையில் பல உருவாய் அமர்ந்து, தம் சொந்தக் குரலில், அவர் பாடிக்கொண்டிருக்கிறார்.